எட்டாம் மாதம்

9 பிப்ரவரி 2012

பெரிய பயணிகள் கப்பல் பாறையில் மோதித் தீவின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கிற வருடம் இது. பனி விழுந்து எங்கள் மலைச்சாலையும் மூடிப்போனது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, பக்கத்து வீட்டு டொனாட்டா எழுதுகிறாள்.

நேற்று மகள் லொரேட்டாவுக்குக் கடற்கரை ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. எட்டாம் மாதம்.

ஏழில் பிறந்தது பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது. எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? நானே ஏழு மாதத்துப் பிள்ளை; அப்படிப் பிறந்தவன் கைக்குக் குணமாக்கும் சக்தி உண்டு என்பார்கள். அதனால்தானே சுளுக்கு என்றால் என் கையைத் தேடி வருகிறார்கள்.

12 பிப்ரவரி

வழி திறந்ததும் பாதிரியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், உயிர் இருக்கும்போதே ஞானஸ்நானம் ஆகட்டும் என்று. லொரேட்டா கதவை மறித்தாள்.

"யாரைக் கேட்டுக் கூட்டிட்டு வந்தீங்கப்பா? எம் பொண்ணு மூச்சு விடுறா. அதுக்குள்ள குழி வெட்டுறீங்களா?"

பாதிரியார் தரையைப் பார்த்தார். அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

13 பிப்ரவரி

இனி வராதீங்க என்றாள். என் மகள்.

18 பிப்ரவரி

மருமகனுக்குக் காய்ச்சல். வேறு துணையில்லாமல் லொரேட்டா என்னைக் கூப்பிட்டாள். "கை கழுவிட்டு வாங்க. வாயத் திறக்கக் கூடாது."

குழந்தை ஒரு முழம்கூட இருக்காது. வயிறு உப்பி, பால் இறங்கவில்லை. ஃபியாமெட்டா என்று ஒருத்தி, ஆஸ்பத்திரியில் கையால் வைத்தியம் செய்பவள், ஒரு கையை முதுகுக்கடியிலும் ஒன்றை வயிற்றின்மேலும் வைத்தாள். வைத்தாள், அவ்வளவுதான். இழுக்கவில்லை, அமுக்கவில்லை. இதுவா வைத்தியம்?

"நான் ஏழு மாசத்துப் புள்ளம்மா, கைராசிக்காரன். தடவி விடவா?"

"வேணாம் தாத்தா. இவளுக்கு அமுக்குறது ஆகாது. மருந்தெல்லாம் டாக்டருங்க பாத்துக்குவாங்க, நான் வயிறு கொஞ்சம் இளகுதான்னு பாக்குறேன்." பிறகு கேட்டாள்: "அந்தக் காலத்துல உங்கள எப்படிக் காப்பாத்துனாங்க?"

தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லையே.

19 பிப்ரவரி

பக்கத்து மலையூரில் இருக்கிற அக்கா கொன்செட்டாவிடம் போனில் கேட்டேன்.

"ஏழா? எட்டுடா நீ. அம்மாவுக்குப் பால் இல்ல, எட்டுன்னா ஊர்ல ஒருத்தி பால் குடுக்க மாட்டா. அதான் மருத்துவச்சிய ஊர்ல ஏழுன்னு சொல்லச் சொன்னா அம்மா. கம்பளியில சுத்தி அடுப்புப் பக்கத்துல வச்சிருந்தோம்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"ஊரே உன் கையை நம்புது. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

டொனாட்டா எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்கிறாள். என்னடி பார்க்கிறாய், எழுது. அப்படியானால் நான் யார்? இவ்வளவு பேருக்கு இழுத்துவிட்டது எந்தக் கை?

20 பிப்ரவரி

லொரேட்டாவிடம் சொன்னேன். 

"அப்ப நீங்களும் அன்னைக்கே போயிருக்கணும்" என்றாள். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

23 பிப்ரவரி

குழந்தைக்குப் பால் தங்கியது.

3 ஜூன்

காலையில் அக்காவை அடக்கம் செய்தோம். வீட்டுக்கு வந்ததும், நான் கேட்காமலே, லொரேட்டா பேத்தியை என் மடியில் வைத்தாள். பால் குடித்த கனம். ஓர்னெல்லா என்று பெயர்.

நான் பிறந்தபோது அடுப்பைச் சுற்றி நின்றவர்கள்: அம்மா மரியன்னா, மருத்துவச்சி ஃபிலோமினா, அக்கா கொன்செட்டா. எல்லோரும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது எட்டாம் மாதத்துப் பிள்ளை ஒரெஸ்தே, நான்.