நூறு எண்ணி முடிப்பதற்குள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான்கு பேரும் உயிரோடும் கைகாலோடும் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் இப்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது. அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை, மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் மேலே வருகிறாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மோட்டார் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார், அவர் காலையில் ஆரம்பித்தால் நம் சாப்பாட்டு மேஜையில் தம்ளர்கள் நடுங்குகின்றன. பத்திரிகை ஆபீசில் முப்பத்தொரு வருடம் செய்தி எழுதியதற்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அது நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது. டெட்லைனுக்கே லேட்டா வர்ற கடிகாரம் என்று உன் தங்கை வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் மூவரும் என் முதுகுக்குப் பின்னால் என்னை டெட்லைன் என்று கூப்பிடுவது எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவள் சிரித்தது போன மாதம். இப்போது என் முன்னால் யாரும் சிரிப்பதில்லை.

போன வாரம் அம்மா உனக்குப் போனில் சொன்னது, பாலைவனத்தில் நம் கொக்கு, உன் தம்பி, வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்து வழி தவறிவிட்டான், இரண்டரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்பது. அது தவறான செய்தி. அப்படிச் சொல்லச் சொன்னது நான். கொக்கு வழி தவறவில்லை, நின்ற இடத்திலேயே நின்றான். நான்தான் அவனை விட்டுவிட்டுப் போனேன். போனில் சொன்னால் நீ இடையில் கேள்வி கேட்பாய், பதில் சொல்கிறேன் பேர்வழி என்று நான் என் பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் வரிசையாகச் சொல்வதுதான் எனக்கு வரும். பயணத்தில் சொன்ன நேரத்துக்கு வண்டிக்கு வராதவர்களை விட்டுவிட்டுக் கிளம்புவேன். அடுத்த வளைவைத் தாண்டி, பார்வைக்கு மறைவாக வண்டியை நிறுத்துவேன். உள்ளே இருப்பவர்கள் சத்தமாக நூறு வரை எண்ணுவார்கள். நூறு முடிந்ததும் திரும்பிப் போய் ஏற்றிக்கொள்வோம். விடப்பட்டவர் முகம் பேயறைந்த மாதிரி இருக்கும், அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். கொக்குவுக்கு முதல் முறை நடந்தபோது ஆறு வயது, எங்கோ ஒரு கடை வாசலில் ஷூவில் மணல் புகுந்துவிட்டது என்று உட்கார்ந்திருந்தான். அன்றுதான் உன் பதினைந்து வயது வாயால் இந்த நூறு எண்ணும் விளையாட்டை நீ ஆரம்பித்துவைத்தாய். வெட்டியாக ஏன் உட்கார்ந்திருக்கணும், எல்லாரும் நூறு எண்ணுவோம், நூறானதும் அப்பா திருப்பணும், அதான் ரூல் என்றாய். நல்ல விளையாட்டு என்று நானும் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பின் இதை ஒருமுறைகூட நான் யோசித்துப் பார்க்கவில்லை.

பாலைவனத்துக்குப் போனது என் ஓய்வைக் கொண்டாட. நீ வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றாய், எக்ஸ்ரே அறைக்கு ஆள் இல்லை என்றாய். நம்பினேன். ஜீப்பை வாடகைக்குக் கொடுத்தவர் கிளம்பும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். சார், டயர் தடத்தை விட்டு இறங்காதீங்க, இறங்கினா வந்த தடத்துலயே திரும்பி வாங்க, வட்டமடிச்சுத் திரும்பாதீங்க, நேரா வர்ற மாதிரிதான் இருக்கும், ஆனா வந்திருக்க மாட்டீங்க என்றார். நான் தலையாட்டினேன். முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டவன், இதைக் குறிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கொக்குவுக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. பதினேழு வயதாகிறது, பரீட்சை முடிந்துவிட்டது, என்ன படிக்கப் போகிறாய், பத்திரிகைப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேனே என்று கேட்டேன். அக்கா ஊருக்குப் போறேன், அங்க பம்பு, மோட்டார் எல்லாம் சொல்லிக்கொடுக்குற படிப்பு இருக்கு, அக்கா விசாரிச்சு வச்சிருக்கா என்றான். நீ விசாரித்து வைத்ததை எனக்குச் சொல்லவில்லை, சரி, போகட்டும். பத்திரிகைக்கு என்னடா குறைச்சல் என்றேன். அடுத்தவன் வீட்டுச் சாவுக்கு ஓடிப்போய் தலைய எண்ணுற வேலை எனக்கு வேணாம்பா என்றான். வாலு குபுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவளும் சிரித்தாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்து நான் செய்ததை நேரக் கட்டுப்பாட்டுக்காகச் செய்தேன் என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கோபம்தான்.

பதினோரு மணி வாக்கில் ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்து நிறுத்தினோம். முன்பு உப்பு வெட்டிய கம்பெனியின் அலுவலகம், மூன்று அறைகள், கூரை இல்லை. ஒரு சுவரில் தொழிலாளர்கள் வருகை அட்டையைச் செருகும் மரப் பலகை அப்படியே இருந்தது, நூற்று இருபது துளைகள். பின்பக்கச் சுவர் நிழலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். பதினொன்று நாற்பதுக்கு எல்லோரும் வண்டியில் இருக்க வேண்டும் என்றேன். அம்மாவும் வாலுவும் முப்பத்தேழுக்கே ஏறிவிட்டார்கள். முப்பத்தொன்பதுக்குக் கொக்கு வாசலில் வந்து நின்றான். வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கையை உயர்த்தி ஏதோ காட்டினான், திரும்பி உள்ளே போனான். எனக்கு முன்னாலேயே திமிரைக் காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். நாற்பத்தொன்றுக்கு வண்டியைக் கிளப்பினேன். வாலு கைதட்டினாள், ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே ஒளிந்துகொள்ள ஒரு வளைவு இல்லை, அம்மாடி. இதுதான் எனக்கு உறைக்கவில்லை. சாலை என்றால் கொஞ்ச தூரத்தில் ஒரு மரமோ சுவரோ வரும். அங்கே தரை தட்டுப்போலக் கிடந்தது, எவ்வளவு ஓட்டினாலும் அந்தக் கட்டடம் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது. வாலு நூறு என்று கத்தினாள். பின்னால் பார்த்தால் கட்டடம் தீப்பெட்டி அளவில் நிற்கிறது. அவனால் நம்மைப் பார்க்க முடிகிறவரை அவனை விட்டுவிட்டதாக ஆகாது என்று நினைத்தேன். இன்னொரு நூறு என்றேன். நூறு ஆயிடுச்சேப்பா, அக்கா ரூல் அதானே என்றாள் வாலு. அக்கா இங்க இல்ல, எண்ணு என்றேன். எண்ணினாள். அம்மாவும் எண்ணினாள். இரண்டாவது நூறு முடிவதற்குள் ஒரு மணல் மேட்டைத் தாண்டியிருந்தோம், கட்டடம் மறைந்துவிட்டது. அங்கிருந்து பெரிதாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பினேன்.

நேராகத்தான் வருகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். கட்டடம் வரவில்லை. இடது பக்கம் ஒடித்தேன், வலது பக்கம் ஒடித்தேன், என் தடத்தையே நான்கு இடத்தில் குறுக்கே வெட்டினேன். போனில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரத்தில் வாலு அழ ஆரம்பித்தாள், தண்ணீர் கொடு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சீட்டுக்கு அடியில் தேடினாள், பின்னால் தேடினாள், பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான்கு லிட்டர் கேனைச் சாப்பிட்ட இடத்தில் வைத்தது யார் என்று கேட்டாள். நான்தான் வைத்தேன். ரொட்டி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, சுவரோரம் வைத்தேன். கொக்கு வாசலில் நின்று கையை உயர்த்திக் காட்டியது அதைத்தான், தண்ணியை விட்டுட்டோம், எடுத்துட்டு வர்றேன் என்று. நான் மறந்துவிட்டு வந்ததை எடுக்கப் போனவனைத்தான் நேரத்துக்கு வரவில்லை என்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வண்டியில் வாலு குடித்து மிச்சம் வைத்த கால் பாட்டில் இனிப்புச் சோடாவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அம்மா என்னை இறங்கச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. இறங்குங்க, பின்னாடி போய் உட்காருங்க, வாயத் தொறக்காதீங்க என்றாள். முழங்கால் வலியோடு அவள் ஓட்டினாள். வாலு வண்டிக்கு முன்னால் நடந்தாள். ஒன்றையொன்று வெட்டும் தடங்களில் எது மற்றவற்றுக்கு அடியில் இருக்கிறதோ அதுதான் முதலில் வந்த தடம் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். பதினான்கு வயதுப் பெண் அந்த வெயிலில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பதினெட்டுக்குக் கட்டடத்துக்கு வந்தோம். கொக்கு நடு அறையில், ஒரு முழ அகலம் விழுந்த நிழலில் முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு கோடாகப் போட்டிருந்தான். எழுந்து வரவில்லை. தொழில் புத்தி போகாது, நான் அந்தக் கோடுகளை எண்ணினேன். தொண்ணூற்று நான்கு. அவன் நூறு எண்ணியிருக்கிறான், ஒரு கோடு போட்டிருக்கிறான், மறுபடி ஒன்றிலிருந்து நூறு எண்ணியிருக்கிறான். ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்று பெருக்கிப் பார்த்தேன், இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். சரியாக வருகிறது. கேனில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஏன்டா குடிக்கல என்று அம்மா கேட்டதற்கு, நீங்க வந்தா உங்களுக்கு வேணும்ல என்றான்.

அம்மாவுக்குக் கொடுத்தான். வாலுவுக்குக் கொடுத்தான், மெதுவாக் குடி, வாந்தி வரும் என்றான். நான் கையை நீட்டினேன். கேனை மூடி மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, ஒண்ணு என்றான். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டு, ரெண்டு, மூணு. விளையாடுகிறான் என்று முதலில் நினைத்தேன். முப்பதில் வாலு அவனோடு சேர்ந்துகொண்டாள். அறுபதில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள், என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நான் நின்றேன். நூறு முடிந்ததும் உன் ரூல் மாறாமல் கேனைக் கொடுத்தான். நான் குடித்தேன். அதற்குப் பிறகு இன்றோடு பதினோரு நாள், அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியது. உனக்கு எட்டு வயதில், நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் உன்னை விட்டுவிட்டுப் போனேன், நீ கழிப்பறையிலிருந்து வர நேரமாகிவிட்டது. கொக்கு அப்போது அம்மா வயிற்றில், அவள் வாந்தி எடுத்துக் களைத்துப் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன், அந்த ஐந்து நிமிடக் கதையை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்து இல்லை. வளைவில் நிறுத்தியபோது ஆபீசிலிருந்து போன் வந்தது, ஒரு பஸ் விபத்து, மூன்று பேர் சாவு, பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லி, வயதைச் சரிபார்த்து, செய்தியைக் கொடுத்து முடித்தேன். உன்னை மறந்தே போனேன். இருபத்தைந்து நிமிடம். திரும்பி வந்தபோது காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பாப்பா அழவே இல்ல சார், அப்பா விளையாடுறார், வந்துடுவார்னு எங்களுக்குத்தான் தைரியம் சொல்லிச்சு என்றார் பங்க்காரர். நீயும் அன்று அந்த ஸ்டூலில் தனியாக எண்ணியிருப்பாய், எத்தனை நூறு என்று நான் கேட்டதே இல்லை. ஏழு வருடம் கழித்து உன் தம்பி விடப்பட்டபோது வண்டியில் எல்லோரையும் சத்தமாக எண்ணவைத்தாயே, அது விளையாட்டு அல்ல, நான் மறந்துவிடாமல் இருக்க நீ போட்ட பூட்டு என்பது அந்தக் கரிக்கோடுகளுக்கு முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. நீ இல்லாத முதல் பயணத்திலேயே அதை உடைத்தேன்.

அம்மாவிடம் இந்த இருபத்தைந்தை நேற்றுச் சொன்னேன். கேட்டுவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஊரான் வீட்டுச் சாவுன்னா பேரு வயசு எல்லாம் சரியாப் போடுவீங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

கொக்கு வியாழக்கிழமை ரயிலேறுகிறான், சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வண்டி உன் ஊருக்கு வருகிறது. நிலையத்துக்கு அம்மாவும் வாலுவும் போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், நான் போகப் போவதில்லை. அந்தத் தண்ணீர்க் கேனைப் பையில் எடுத்து வைத்திருக்கிறான். ரயில்ல தண்ணி கிடைக்கும்டா என்று அம்மா சொன்னதற்கு, கிடைக்கும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க என்றான். அவன் தூக்கத்தில் எண்ணுகிறான், வாலு சொன்னாள், நீ பக்கத்து அறையில் படுத்தால் கேட்கும், பயப்படாதே, எழுப்பாதே. காலையில் காபி குடிக்காமல் அவனிடம் படிப்பைப் பற்றிப் பேசாதே. உன் அறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்றாயே, அவன் படுக்கையை அந்தப் பக்கம் போடாதே. இந்தக் கடிதத்தை அவனுக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். என்னை மன்னிக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை.

நீங்கள் மூவரும் என்னைவிட நல்ல மனிதர்களாக நீண்ட நாள் இருக்க வேண்டும். சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் பிளாட்பாரத்தில் போய் நின்றுவிடு. ரயில் தாமதமாக வந்தாலும் நில். அவன் இறங்கத் தாமதித்தாலும் நில். கூட்டமெல்லாம் கலைந்துபோனாலும், அவன் உன்னைப் பார்க்கிறவரை அந்த இடத்தை விட்டு நகராதே.

பதினெட்டு வருடம் தாமதமாக,
உன் அப்பா