பெரிய ற

ஜனவரி 12, ஞாயிறு
காலைக் காப்பி புது மேசைவிரிப்பில் சிந்திவிட்டது. எவ்வளவு தேய்த்தும் கரை போகவில்லை. கதைக்குத் தலைப்பு அப்போதுதான் கிடைத்தது: 'கரை'.

இதுவரை புத்தகம் வெளியிடாதவர்களுக்கான சிறுகதைப் போட்டி. ஜெயித்தால் நம் கதைகளைப் புத்தகமாகவே போடுவார்கள். வயது வரம்பு இல்லை. எழுபத்திரண்டில் புதிய எழுத்தாளர். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒருதடவை பார்த்துத் தரட்டுமாம்மா?" என்றாள் மருமகள் ரோஹிணி. மதுரையில் தமிழ் மீடியம் படித்தவள். அவளுடைய ஆங்கிலத்தை இருபது வருஷமாகத் திருத்துகிறவள், கான்வென்ட்டில் படித்த நான். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி
இறுதிச் சுற்றில் ஐந்து பேர். அதில் நான்!

போட்டி நடத்தும் கவிப்ரியா போனில் துள்ளினாள். "பெரிய ற போடாம சின்ன ர போட்டு, கறையைக் கடற்கரை ஆக்கிட்டீங்களே மேடம்! நடுவர் அசந்துட்டார். மேடையில முதல் கேள்வியே அதுதான். அப்புறம்தான் முடிவு."

அகராதியைப் பார்த்தேன். கடவுளே.

பிப்ரவரி 15
நான் கதையை அனுப்பிய அன்றே ரோஹிணி தலைப்பைக் கவனித்திருக்கிறாள். "சொன்னா கோவிச்சுப்பேளேன்னு... இப்ப என்னம்மா? அந்த அர்த்தமும் நன்னாத்தானே இருக்கு. விட்டுடுங்கோ. யாருக்குத் தெரியப்போறது?"

உனக்குத் தெரியுமே.

மார்ச் 1, சனி
நாளைக்கு. பதில் தயார் — 'துயரத்திலிருந்து கரையேறுவதையே குறிப்பிட்டேன்.' கண்ணாடி முன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும்.

ஆனால் கதையில் வருகிற அந்தப் பெண் நான்தானே. பதின்மூன்று வயதில், அசெம்பிளியில், வெள்ளை ஸ்கர்ட் போட்ட என்னை சிஸ்டர் திருப்பி நிறுத்தினாளே — அத்தனை பேரும் பார்த்தது என்ன, கடற்கரையையா? இவர் உயிரோடு இருந்தவரைக்கும் இவர்கிட்டகூட வாய் திறக்கலையே நான்!

மார்ச் 2
சொல்லிவிட்டேன். "அது என் எழுத்துப் பிழை. பெரிய ற. ரத்தக் கறை."

நடுவர் தன் குறிப்புத் தாளை மடித்து வைத்தார். பரிசு ஷ்வேதா என்ற பெண்ணுக்கு.

ரோஹிணியோடு மெட்ரோவில் திரும்பினேன். எங்கள் ஸ்டேஷன் ஜனக்புரி வந்ததும், "ஜல்தி இறங்குங்கோம்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு
இறுதிச் சுற்றுக் கதைகள் ஐந்தையும் ஒரே தொகுப்பாகப் போடுகிறார்கள். திருத்துவதற்கு அச்சுப் பிரதி வந்தது. தலைப்பு: 'கறை'.

ரோஹிணியிடம் கொடுத்தேன், என் சிவப்புப் பேனாவையும். பதினெட்டு இடங்களில் சுழித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்து ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாள், எனக்கு. அதில் ஒரு ஸ்பெல்லிங் தப்பு.

பேனா இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.