காற்றுத்துளையில் சந்தனம்

பதிவு 1. காலை 9:10
நிலாவில் முதல் தபாலாபீஸ் திறந்த வருஷம். எங்க ஊர்ப் பக்கம் பதினெட்டு நாள் விடாமல் மழை கொட்டியதும் இதே வருஷம்தான். வெள்ளிக் கிரகத்து மேகத்துக்குள் மிதக்கிற இந்தத் தளத்தைப் பெருக்கித் துடைக்கிற சொரிமுத்து பேசுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டது ஒன்றும் மறக்காது. நான் சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும்.

இன்று ஆயுத பூஜை. விமானத்துக்கு மூக்கிலிருந்து வால் வரை சந்தனம், குங்குமம் வைத்தேன். விலாவில் நான்கு பொடித் துளைகள். பக்கத்தில் சிவப்பாக என்னவோ எழுதியிருந்தது. விமானத்தின் பேராக்கும் என்று அங்கே தாராளமாகவே அப்பினேன். விமானி இசக்கியம்மாள் சரக்கு எடுக்கக் கிளம்பிப் போனாள்.

பதிவு 2. மாலை 4:32
திரும்பி வருகிறாள். கண்ணை மறைக்கிற மேகம். பொறியாளர் ஞானதுரை ரேடியோவில்; நான் பக்கத்தில்.

"சொரிமுத்தண்ணே, பொரிகடலைய முழுசா முடிச்சிராதீக. எனக்கும் வேணும்."

பிறகு இசக்கியம்மாள் குரல் மாறியது.

"சார், உயரமானி நான் மேல இருக்கேங்குது. உங்க சிக்னல் கீழ இருக்கேங்குது. எதை நம்ப?"

"நம்ம சிக்னல் காலையிலயிருந்தே ஆடுதும்மா. விலாவுல காத்துத்துளை அடைச்சிருந்தாத்தான் உயரமானி பொய் சொல்லும்."

"அடைப்புன்னா சொல்லுங்க சார். உள் துளையைத் திறந்துக்கிடுறேன்."

துளையைத் தொட்டேனா என்று ஞானதுரை என்னைக் கேட்டார். இருபது வருஷமாக என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்ட மனுஷர். சந்தனம் அப்பினேன் என்று அவரிடம் சொல்ல வெட்கம். தொடவில்லை என்றேன்.

"அப்ப உயரமானிய நம்பி வாம்மா."

பதிவு 3. மாலை 4:51
தாழ வந்து, தளத்தைத் தாங்குகிற பலூனில் மோதிவிட்டாள். அவள் இருக்கை மட்டும் தெறித்து, தன் சின்னப் பலூனோடு மேலே போகிறது. ரேடியோவில் மூச்சு கேட்கிறது. பலூன் கிழிந்து, நாங்கள் தளத்தோடு கீழே இறங்குகிறோம்.

பதிவு 4. இரவு 7:20
சூடு. சமையல் மரியசூசை போய்விட்டார். ஞானதுரையும் போய்விட்டார். சாகுமுன் என்னவோ தட்டி மேலிடத்துக்கு அனுப்பினார். பெட்டியை வாசிக்கச் சொன்னேன்.

"காரணம்: விமானியின் கவனக்குறைவு. காற்றுத்துளைகளில் அடைப்பில்லை. சொரிமுத்து உறுதி செய்தார்."

பதிவு 5. நேரம் தெரியவில்லை
"அண்ணே... நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

ரேடியோவில் இசக்கியம்மாள் மூன்று தடவை கேட்டுவிட்டாள். என் பேச்சு அவளுக்கு எட்டவில்லை. பெட்டி, இதையும் மேலிடத்துக்கு அனுப்பு. அடைச்சது நான். தொடலைன்னு சொன்னவனும் நான். நகக்கண்ணுல இன்னும் சந்தனம் இருக்கு. அவ மேல எழுதினதை அழிங்க. சீக்கிரம் போய்த் தூக்குங்க. என்னைச் சேர்க்காதீங்க, எனக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான். உயிரோட இருக்கிறது ஒருத்தி. ஆழ்வார்திருநகரி இசக்கியம்மா