துரைக்கு வாங்கிய டயப்பர்

இன்று மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு டயப்பர் கேட்டாள். கடைக்காரர் மேலே தொங்கிய பாக்கெட்டை இழுத்தார், ஓரம் கிழிந்திருந்தது, விட்டுவிட்டு உள்ளே வேறு எடுக்கப் போனார். கிழிந்த பாக்கெட் என் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பவுடர் வாசனை மூக்கில் ஏறியதும் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். தலை இன்னும் விண்விண் என்று தெறிக்கிறது, எல்லாம் உன்னால்தான்.

மற்றவர்களுக்கு அந்த வாசனை பிள்ளைகளை ஞாபகப்படுத்தும். நமக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் குதிரைதான் ஞாபகம் வருகிறது, அதன் கயிற்றைப் பிடித்தபடி நீயும் கூடவே வந்துவிடுகிறாய்.

மறைமலைநகர் கம்பெனியில் உன் கான்ட்ராக்டை முடித்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் பேக்கிங் பிரிவில் வேலை தங்கியது. நீ ஆட்டோ ஓட்டுவாய் என்று நான் நம்பிக்கொண்டிருக்க, ஒரு வெள்ளை மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு தெருவே வேடிக்கை பார்க்க நடந்து வந்தாய். "இது இன்னாய்யா கூத்து?" என்று கேட்டேன். "மாமல்லபுரம் பீச்சுல புள்ளைங்கள ஏத்திகினு ஒரு ரவுண்டு வுட்டா போதும்மே. பெட்ரோல் கேக்காது, பன்ச்சர் ஆவாது" என்றாய். யாரையும் மதிக்காமல் தலையைத் தூக்கிக்கொண்டு நின்ற அதன் லட்சணத்தைப் பார்த்து துரை என்று பெயர் வைத்தது நான்தான்.

அப்போதே உனக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவாய். கால் மதமதவென்று இருக்கிறது, எறும்பு ஊர்கிறது என்பாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் பேச்சை மாற்றுவாய். உன் அண்ணனுக்குச் சர்க்கரையில் ஒரு காலை எடுத்தார்கள், பிறகு அவர் கட்டிலை விட்டு எழவே இல்லை. அண்ணி சோற்றுத் தட்டை வைக்கிற சத்தம் வர வரப் பெரிதாகிக்கொண்டே போனதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். அதன்பின் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே உனக்கு ஆகாமல் போயிற்று.

துரை நொண்டத் தொடங்கியது டிசம்பர் விடுமுறையில். எனக்கு அன்று லீவு, உனக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன். காலையெல்லாம் ஒழுங்காக நடந்த குதிரை, மதியம் ஒரு சிறுமியை இறக்கிவிட்டதும் இடது முன்னங்காலை மணலில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது, தோல் நடுங்கியது. கயிற்றை லேசாக இழுத்தாய், மூன்று காலில் குதித்துக் குதித்து வந்தது. உன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடற்கரையில் குதிரை விடுகிறவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். தோள்பட்டை இறங்கியிருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள். காலைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கடற்கரையில் குதிரையின் குளம்பை யாரும் தூக்கிப் பார்ப்பதே கிடையாது. மணல் தேய்த்துச் சுத்தமாக்கிவிடும், மிச்சத்தை உப்புத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அங்கே சட்டம். நீயும் அதையே நம்பினாய். தோளில் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டு, தினமும் விடிந்ததும் அதைக் கடலில் இறக்கி, நீயும் வெறுங்காலோடு முட்டியளவு தண்ணீரில் நின்றாய். கிளிஞ்சலும் உடைந்த பாட்டிலும் புரள்கிற கரை அது. குதிரைக்கு வலி கூடியதே தவிரக் குறையவில்லை. கம்பியைக் காய்ச்சித் தோளில் சூடு போடலாம் என்று ஒருவர் அடுப்பு மூட்டவே போய்விட்டார்.

இதற்கு நடுவில் ஒரு புரோக்கர் வந்தான். வேலைக்காகாத மாடு, குதிரைகளை வண்டியில் ஏற்றிப்போகிறவன். துரையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நொண்டி ஆயிடுச்சு அண்ணாத்த. இனிமே இதக் கட்டிகினு எதுக்கு தீனி போட்டுகினு கீற? நொண்டிக் குதிரைய எவன் வெச்சுப்பான்?" என்றான். நீ அவனை அடிக்கப் போகவில்லை, கத்தவும் இல்லை. துரையின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு அவன் போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த வார்த்தை உனக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நான்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்த டாக்டரம்மா தோளைத் தொடக்கூட இல்லை. நேராகக் குளம்பில் கை வைத்தார். "இங்க தொட்டுப் பாருங்க, எப்படிக் கொதிக்குதுன்னு" என்றார். அடியில் கெட்டிப்பட்டிருந்த மணலைக் குத்தி எடுத்து, கத்தியால் சீவிக்கொண்டே போனார். கறுப்பாக ஒரு துளை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சீவியதும் கறுத்த சீழ் பீறிட்டு வந்தது, அந்த நாற்றத்துக்கு நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். துரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஆணியோ கண்ணாடியோ ஏறி, உள்ளேயே சீழ் கட்டியிருக்கிறது என்றார்.

"இவ்ளோ நொண்டுதே டாக்டரம்மா, பொழைக்குமா?" என்று கேட்டாய்.

"நொண்டுறது நல்லதுண்ணே. வலி தெரியுதுன்னு அர்த்தம். நொண்டலைன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது, எலும்பு வரைக்கும் போயிருக்கும்" என்றார்.

ஊசி போட்டார். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, பேதி உப்பைக் கரைத்து, காலை அதில் நிறுத்தச் சொன்னார். பிறகு மருந்து வைத்துக் குழந்தை டயப்பரால் குளம்பைச் சுற்றி, மேலே சில்வர் டேப் ஒட்டவேண்டும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகக்கூடாது, கடல் பக்கமே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். டயப்பர் வாங்க நாம் இருவரும் சேர்ந்துதான் போனோம். குழந்தைக்கு எத்தனை மாசம் என்று கடைக்காரர் கேட்டார். "ஏழு வயசு. புல்லு துண்ணும்" என்றாய். எத்தனையோ நாள் கழித்து நான் அன்றைக்குத்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தினமும் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் துரையைக் கட்டியிருந்த கொட்டகைக்குத்தான் வருவேன். நான் வெந்நீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பேன். நீ காலைப் பிடித்துக் கட்டுவாய். டேப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டுவாய், கல்யாணப் பரிசுக்குக் காகிதம் சுற்றுகிற மாதிரி. பொங்கல் நெருங்கும்போது துரை நான்கு காலையும் ஊன்றி நின்றது. காணும் பொங்கலுக்குள் தயாராகிவிடும் என்று டாக்டரம்மாவே சொன்னார். அந்த ஒரு நாள் கூட்டத்தை நம்பித்தான் நீ இருந்தாய்.

அந்தச் சமயத்தில்தான் நீ கான்வாஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டாய். செருப்பே போடாத ஆள். "வூட்ல ரெண்டு தொரை ஆயிடுச்சு" என்று கிண்டல் செய்தேன். "ஸ்டைலுமே" என்று சிரித்தாய். துரைக்குக் கட்டு அவிழ்த்த பிறகும் டயப்பர் பாக்கெட் குறைந்துகொண்டே வந்தது. கேட்டதற்கு, சேணம் உரசாமல் இருக்க அடியில் வைக்கிறேன் என்றாய். பொய்யைக்கூட எவ்வளவு அக்கறையாகச் சொல்லியிருக்கிறாய்.

காணும் பொங்கலன்று நீ காலையிலிருந்து பொழுது சாயும்வரை மணலில் நடந்தாய். ஒரு இடத்தில்கூட நொண்டவில்லை. மறுநாள் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு உன்னை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனேன்.

நர்ஸ் ஷூவைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினார். உள்ளே இருந்தது டயப்பர். மேலே சில்வர் டேப், ஒரு சுருக்கம் இல்லை. அதையும் வெட்டியபோது அதே நாற்றம் வந்தது. இந்தத் தடவை நான் மூக்கைப் பொத்தவில்லை. விரல்கள் கறுத்திருந்தன, பாதத்தின் தோல் வெந்து உரிந்திருந்தது. "இது தீக்காயமாட்டம் கீதே, இன்னா ஊத்துனீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"தொரைக்கு ஊத்துன அதே தண்ணிதான். அதே உப்பு" என்றாய்.

நான் கம்பெனிக்குப் போன பிறகு, கொட்டகையில் தனியாக உட்கார்ந்து உனக்கு நீயே வைத்தியம் பார்த்திருக்கிறாய். குதிரைக்குச் சூடு பார்க்க என் முழங்கை இருந்தது. உன் மரத்துப்போன காலுக்குச் சூடு சொல்ல யாரும் இல்லை. குதிரைக்கு ஆறியது உனக்கும் ஆறிவிடும் என்று நினைத்திருக்கிறாய்.

ஆபரேஷனுக்கு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டாக்டர்கள் நகர்ந்ததும், "எப்பலேர்ந்துய்யா?" என்று கேட்டேன். கடலில் நின்ற நாட்களில் எப்போதோ ஏதோ குத்தியிருக்கும், ரத்தத்தைப் பார்த்துத்தான் உனக்கே தெரிந்ததாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். சுவரைப் பார்த்துக்கொண்டே, "நொண்டிக் குதிரைய யாரும்மே வெச்சுப்பாங்க?" என்றாய்.

"நாம வெச்சுக்கினோமேய்யா" என்றேன்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டது. உயிரில்லாத உன்னை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உனக்கு எந்தக் கால் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் ஆறவில்லை. ஆறும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். ஒற்றைக் காலோடு நீ கட்டிலில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்கலாம். துரைக்குத் தீனி கலந்திருக்கலாம். நான் தட்டைச் சத்தமில்லாமல்தான் வைத்திருப்பேன். ஒரு நாள் கோபத்தில் சத்தமாக வைத்தாலும் மறுநாள் சரியாகியிருப்பேன். அதற்குக்கூட நீ எனக்கு ஒரு வாய்ப்புத் தரவில்லை.

துரையை நான் விற்கவில்லை. அந்த புரோக்கர் துக்கம் விசாரிக்கிற சாக்கில் வந்தான், வாசலோடு அனுப்பிவிட்டேன். சனி, ஞாயிறு நானே கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். கம்பெனியில் கொடுத்த பழைய சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு மணலில் தொப்பு தொப்பென்று நடக்கிறேன், பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கின்றன. அங்கே குதிரை விடுகிற உன் கூட்டாளிகளை உட்காரவைத்து, "எங்க, அடிப்பாதத்தக் காட்டு" என்று அதட்டிப் பார்க்கிறேன். முதலில் கேலி பேசினார்கள். இப்போது என்னைக் கண்டால் அவர்களே செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள்.

தினமும் சாயங்காலம் துரையின் குளம்புகளைத் தூக்கிப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் கேட்கவே வேண்டியதில்லை. நான் குனிவதற்குள் அதுவே இடது முன்னங்காலைத் தூக்கி என் கையில் வைத்துவிடுகிறது. வாயில்லாத ஜீவனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக மணலைக் குத்தி எடுத்து, தடவிப் பார்த்து, கீழே விடுகிறேன். நான்கும் முடிந்த பிறகும் கை அடங்குவதில்லை, இன்னொரு காலுக்காக நீள்கிறது. அங்கே வைக்கோல்தான் கிடக்கிறது.