ஊசி எழுப்பிவிட்ட அண்ணனுக்கு

அண்ணா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. நீ காய்ச்சலில் போனதாகத்தான் அப்பா ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இன்று நான் ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கினேன். கை கழுவியும் வாசனை போகவில்லை. உன் நினைவு வந்துவிட்டது.

வெள்ளிமலை ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு வருவாய். டாக்டராக ஆசைப்பட்ட என்னைக் கண்டதும், "டாக்டரம்மாவுக்கு வழி வுடுங்கப்பா, ஊசி போட்டுடும்!" என்று கத்துவாய். வெட்கமாக இருக்கும். மறுநாளும் அந்த ஜீப்புக்குத்தான் காத்திருப்பேன்.

மரவள்ளி மூட்டை தூக்கி உன் முதுகு பிடித்துக்கொண்டபோது யாரோ கொடுத்த வலி மாத்திரை. வலி போன பிறகும் அது உன்னை விடவில்லை.

அந்த மாத்திரையை அளவுக்கு மீறிப் போட்ட அன்று உன் உதடு நீலமாகி மூச்சு நின்றிருந்தது. 108 வண்டியில் வந்த அக்கா ஊசி போட்டார். கண்ணைத் திறந்து, "இன்னாத்துக்கு இவ்ளோ கூட்டம்? ஜீப்பு கெளம்பிடுச்சா?" என்றாய். அழுதுகொண்டே சிரித்தோம்.

"மாத்திரை இன்னும் ஒடம்புலதான் இருக்குது. ஊசி வேகம் கொறைஞ்சா திரும்ப மூச்சு நிக்கும். ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று அந்த அக்கா கெஞ்சினார்.

"போதைதான? எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊத்துனா எறங்கிடும். ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரே சிரிக்கும்" என்றார் அப்பா. சாராயத்துக்குச் செய்வதைத்தான் அவர் அறிவார்.

நீயும் "நான் நல்லாதான் கீறேன்" என்று சாற்றைக் குடித்து, எனக்குக் கண்ணடித்துவிட்டுப் படுத்தாய். பெரிதாகக் குறட்டை விட்டாய். "புள்ள அசந்து தூங்குது, எழுப்பாதீங்க" என்று அம்மா உனக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். அது தூக்கமில்லை, அண்ணா.

உன் கூட்டாளி செல்வண்ணனும் இப்போது அதே மாத்திரை போடுகிறார். அதனால்தான் இன்று அவர் அம்மாவிடம் சொன்னேன்: "பெரிம்மா, அண்ணன் கொறட்ட வுட்டு, எழுப்பியும் ஏந்திரிக்கலன்னா சாறு ஊத்தாதீங்க. 108க்குப் போன் பண்ணி மாத்திரைன்னு சொல்லுங்க. ஊசி போட்டு ஏந்திரிச்சாலும் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

"உங்கண்ணன் காய்ச்சல்லதான போனான்?" என்றார் அவர். இல்லையென்று தலையாட்டினேன். அப்பா காதுக்குப் போனால் என்ன ஆகுமோ.

டாக்டரம்மா என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அந்த அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்துவிட்டார். பெரியம்மாவின் குரல்: "பாப்பா! கொறட்ட வுட்டுக்கினே கீறான், எழுப்புனா ஏந்திரிக்கவே மாட்டேன்றான்..."

போன் அப்பாவிடம்தான் இருக்கிறது. கேட்கப் போகிறேன், அண்ணா.