பால் டீ நிறத்துப் பிளக்

ஜனவரி 5, திங்கள்

இன்றும் புல்லெல்லாம் உறைபனி. இன்றும் வண்டி நின்றுவிட்டது, அதே வளைவில். என் வீட்டுக்காரர் சுவக்கீன் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி பிடித்து, எண்ணெயில் நனைந்து கிடந்தது. சட்டைப் பையில் எப்போதும் இன்னொன்று வைத்திருக்கிறார். அதை மாட்டி, உதைத்து, லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தால் தங்கியிருப்பவர்கள் டீக்காகக் காத்திருக்கிறார்கள்.

மேனேஜர் திட்டவில்லை. "சேச்சிக்கு வந்துபோகத் தூரம்னா வேற ஆளு பாக்கட்டுமா?" என்றார், மரியாதையாக. அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது. முட்டி தேய்ந்து, கொழுந்து பறிக்க முடியாமல் ஆனபிறகு கிடைத்த சமையல் வேலை. விடியும் முன்னே அந்தப் பக்கம் ஜீப் கிடையாது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் எங்கள் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்தான் கதி.

ஜனவரி 6

அடுப்போரம் என் சட்டிக்கு இடமில்லை. பிளக் காய்கிறது.

ஜனவரி 8

மூணாறில் ரிஜோவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு இரண்டு பேரும் போனோம். ரிஜோ பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"முனை பால் டீ நிறத்துல இருக்கணும்ணே. இது கட்டன் காப்பி மாதிரி கறுத்துக் கெடக்கு. நம்ம குளிருக்கும் மெதுவா ஏறுற ரோட்டுக்கும் இந்தப் பிளக் சூடே ஆகாது, கரி அப்படியே தங்கிரும். கொஞ்சம் சூடு கூடுனது போடுங்க."

இவர் வேண்டாம் என்றார். பழைய வகையிலேயே புதிதாக ஒன்று வாங்கினார். "பெட்ரோல்ல எண்ண எவ்வளவு ஊத்துறீங்க?" என்று ரிஜோ கேட்க, காது கேளாதவர் மாதிரி வெளியே வந்துவிட்டார்.

அப்படி என்ன பிடிவாதம்?

ஜனவரி 9

அதே வளைவு. நடுரோட்டில் அழுதேவிட்டேன். "எனக்கு வேல போனா ஒங்களுக்குச் சந்தோஷமா? ஒரு பிளக்க மாத்துனா என்ன கொறஞ்சிரும்?"

அவர் கரியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சூடு கூடுனா எஞ்சின் இறுகிரும் மேரி. எண்ண கொறஞ்சாலும் இறுகும். அன்னைக்கு இறுகித்தான ஒன்னைய ரோட்டுல போட்டேன்."

அந்த விழுகையில் என் மணிக்கட்டு முறிந்தது எப்போதோ. எலும்பு கூடிவிட்டது, நான் மறந்தும்விட்டேன். இவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து எண்ணெயை இரண்டு மடங்கு ஊற்றுகிறார். அதில்தான் பிளக் முங்குகிறது.

ஓட்டும்போதெல்லாம் இவருடைய இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கும். வீணை வாசிக்கிறீர்களா என்று கேலி செய்திருக்கிறேன். எஞ்சின் இறுகினால், சக்கரமும் பூட்டிக்கொள்ளும் முன் அந்த நொடியே கிளட்சைப் பிடிக்கத்தானாம். ஐயோ, இது தெரியாம சிரிச்சேனே.

ஜனவரி 11, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து இவரை நேரே ரிஜோ வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஒரு படி சூடு கூடுனது போதும்ணே. எண்ணெய மட்டும் அளந்து ஊத்துங்க, ஒண்ணும் இறுகாது" என்றார். இவர் என்னைப் பார்த்தார்.

"விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம். போடுங்க" என்றேன்.

அப்படியும் முதலில் என்னை ஏற்றவில்லை. தனியாக லாட்ஜ் வரை ஏறி இறங்கி, எஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் "நாளைக்கு ஏறு" என்றார்.

ஜனவரி 12

நேரத்துக்குப் போய்விட்டேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஜனவரி 19

ஒரு வாரமாக வண்டி நிற்கவில்லை. நேற்று பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பால் டீயேதான்.

இன்று புல்லெல்லாம் வெள்ளை. குளிரில் என் கை மரத்துப்போனது. அந்த வளைவைத் தாண்டியதும் பின்னாலிருந்து எட்டிக் கிளட்சைப் பார்த்தேன். விரல் அங்கே இல்லை. அந்தக் கை என் கையைத் தேடிப் பிடித்து, அவருடைய சுவெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன். கையை நான் எடுக்கவில்லை.