மார்கழியில் கணப்பு

டிசம்பர் 8
வரலாற்றில் பதிய வேண்டிய நாள். காலை 10.20க்கு, கணப்பைப் பற்றி இந்த வாரத்துக்குள் ஒரு முடிவெடுப்பதென நானும் என் மனைவி ஷ்யாமளாவும் ஒருமனதாக முடிவெடுத்தோம். செங்கல் கணப்புக்குள் செருகிய இரும்பு விறகடுப்பு, இன்சர்ட் என்பார்கள், வீட்டோடு வந்தது. கதவு சரியாக மூடாது. போன பிப்ரவரியில் இரண்டு நாள் கரண்ட் போனபோது ஆஸ்துமா உள்ள ஷ்யாமளாவைக் குளிரிலிருந்து காப்பாற்றியது இதுதான்.

டிசம்பர் 10
புகைபோக்கி சுத்தம் செய்யும் டேல் வந்து பார்த்தார். கதவைச் சுற்றிப் புகையை அடைக்கும் கயிறு மட்கிவிட்டது, பின்தகட்டில் விரிசல். மாற்ற ஒரு மணி நேரம் போதும், அதுவரை ஏற்றாதீர்கள், புகை அறைக்குள் வரும் என்றார். இவ்வளவு எளிய தீர்வை நம்ப என் படிப்பு இடம் கொடுக்கவில்லை.

டிசம்பர் 11
எக்ஸலில் பதினோரு புது மாடல்கள், பத்தொன்பது கட்டங்கள்.
"டேல்கிட்ட ஓகே சொல்லிடுங்க. கார் வாங்கறச்சயும் இதே எக்ஸல்தான். எட்டு மாசம் ஊபர்ல போனோம்" என்றாள் ஷ்யாமளா.

டிசம்பர் 13
வாக்கிங்கில் நண்பர் நெடுஞ்செழியன். மூன்று தலைமுறையாக நாத்திகர்.
"மார்கழில புது அடுப்பு எறக்குவாங்களா சார்? எனக்கு நம்பிக்கை கெடையாது. நீங்க பாத்துக்குங்க."
எனக்கும் கிடையாது.

டிசம்பர் 14
புதுசுதான். டேலை வேண்டாம் என்றுவிட்டேன். கடையில் 19ஆம் தேதி பொருத்துவதாகச் சொன்னார்கள். ஜனவரி 14 போதும் என்றேன்.
"யாருக்காக மார்கழி பாக்கறீங்க? நான் கேட்டேனா?" என்றாள் ஷ்யாமளா.
நம்புகிறவர்களை மதிக்க வேண்டும் என்றேன். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர். இருவருமே நம்புவதில்லை.

டிசம்பர் 29
வெயில். அரை டிராயரோடு செடிக்குத் தண்ணீர் விட்டேன். எங்கள் ஊர் ரிச்சர்ட்சனில் கணப்பு என்பது நகை மாதிரி, அலங்காரத்துக்குத்தான். நகைக்கு நாள் பார்ப்பதில் என்ன தவறு?

ஜனவரி 10
பனிமழை. காலை ஆறுக்குக் கரண்ட் போயிற்று. மதியம் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாகத் தெரிகிறது. ஷ்யாமளா மூன்று கம்பளிக்குள், இன்ஹேலர் இரண்டாம் முறை. வெளியே ரோடு உறைந்து கண்ணாடி. கார் எடுக்க முடியாது. பழசையே ஏத்திடலாமா — கொஞ்ச நேரம்தானே?
"வேணாம். டேல் என்ன சொன்னார்?"
சும்மா பாத்துண்டு இருக்கச் சொல்றாளா?
ஏற்றினேன்.

ஜனவரி 14
தை பிறந்தது. ஒன்பதே காலுக்கு ஆட்கள் வந்தார்கள். மதியத்துக்குள் புது இன்சர்ட் பொருத்தியாயிற்று. கதவு நன்றாக மூடுகிறது. ஷ்யாமளா பத்தாம் தேதி புகையில் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து ஆஸ்பத்திரியில், நான்காம் மாடி. ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்களாம்.